தெரியாத நிரலை ஓடவிடாத காவல்: அனுமதிப் பட்டியல் முறை ஓர் அறிமுகம்

வைரஸ் என்றதும் கணினிக்குள் தானாக நுழைந்து தானாகப் பெருகும் ஏதோ ஓர் உயிரைப் பலரும் மனதில் வரைந்துகொள்கிறார்கள். அது ஒரு நிரல், அவ்வளவுதான். நீங்கள் கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளும் நிரல்தான். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் நிரல்தான். வட்டில் கிடக்கும்வரை இரண்டும் வெறும் எண்கள். பென் டிரைவில் நூறு வைரஸ் கோப்புகள் இருந்தாலும், அவற்றில் ஒன்றை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும் நொடி வரை அவற்றால் எந்தத் தீங்கும் இல்லை. இதை மனதில் இருத்திக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது: காவல் போட வேண்டிய இடம் அந்த நொடி.

அந்த நொடியில் நின்று, “இது எனக்குத் தெரிந்த நிரலா?” என்று கேட்டு, தெரியாததை ஓடவிடாமல் தடுப்பதுதான் அனுமதிப் பட்டியல் முறை. பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கு இணையான ஆள்பலம் இல்லாத சிறு மென்பொருள் நிறுவனங்கள் பலவும் இந்த வழியைப் பிடித்திருக்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் பழைய வழி எங்கே திணறுகிறது என்று பார்த்துவிடலாம்.

குற்றவாளிப் பட்டியல் ஏன் எப்போதும் பிந்தியே வருகிறது

வழக்கமான ஆன்டிவைரஸ், கெட்டவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. ஒரு வைரஸ் எங்கோ ஒரு கணினியைத் தாக்குகிறது. அதன் மாதிரி ஆய்வகத்துக்கு வருகிறது. அதற்கே உரிய பைட் வரிசை ஒன்றைப் பிரித்தெடுத்துப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அந்தப் பட்டியல் அப்டேட்டாக உங்கள் கணினிக்கு வருகிறது. இந்த வரிசையிலேயே சிக்கல் தெரிகிறது: பட்டியலில் ஒன்று சேர வேண்டுமானால், முதலில் யாராவது அடிபட்டாக வேண்டும்.

அடையாளத்தை மாற்றுவதும் எளிது. வைரஸ் எழுதுபவர் தன் நிரலை வேறு வகையில் சுருக்கிக் கட்டினாலோ, புதிய சாவி கொண்டு மறையாக்கம் செய்தாலோ, வேலை மாறாமல் பைட்டுகள் மட்டும் மாறிவிடும். இதைச் செய்ய மனிதர் தேவையில்லை, இயந்திரமே ஒவ்வொரு தாக்குதலுக்கும் புதுப் பிரதி தயாரிக்கும். தீய நிரல்களும் வேண்டாத நிரல்களுமாக நாளொன்றுக்கு 4,50,000-க்கு மேல் புதிதாகப் பதிவாவதாக ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் கூறுகிறது. இத்தனையையும் துரத்த ஆய்வாளர்கள், மாதிரி சேகரிக்கும் வலைகள், பெரிய சர்வர்கள் எல்லாம் வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தால் இந்தப் பந்தயத்தில் ஓட முடியாது.

பட்டியலோடு நிற்காமல், நிரலின் நடத்தையைப் பார்த்து ஊகிக்கும் முறைகளும் உண்டு. அவை பயனுள்ளவை. ஆனால் அவற்றுக்கும் ஓர் எல்லை இருப்பதை கணினி வைரஸ் ஆய்வாளர் ஃபிரெட் கோஹன் 1984-லேயே காட்டிவிட்டார். அவர் வாதம் இப்படிப் போகிறது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று பிழையின்றிச் சொல்லும் ஒரு சோதனை நிரல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனையைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் இன்னொரு நிரலை எழுதுகிறோம். அது தன்னையே சோதித்துப் பார்க்கும். “வைரஸ்” என்று பதில் வந்தால் சும்மா இருக்கும். “வைரஸ் இல்லை” என்று வந்தால் பரவத் தொடங்கும். சோதனை எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தவறாகிவிடும். ஆகவே எல்லா வைரஸையும் பிழையில்லாமல் கண்டுபிடிக்கும் நிரல் இருக்க முடியாது. திறமைக் குறைவால் வந்த எல்லை இல்லை இது. கணக்கின் இயல்பே அப்படி.

கேள்வியைத் திருப்பிப் போட்டால்

கெட்டவை எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட கணினியில் ஓட வேண்டியவை எவை என்பதற்குக் கணக்கு உண்டு. இயங்குதளத்தோடு வரும் கோப்புகள் பல ஆயிரம் இருக்கும். அவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து, டிஜிட்டல் கையொப்பத்தோடு வருபவை. அதற்கு மேல் ஓர் அலுவலகக் கணினியில் உலாவி, ஆவண மென்பொருள், கணக்கு மென்பொருள், அச்சுப்பொறிக்கான டிரைவர் என்று சில டஜன் இருந்தால் அதிகம். இந்தப் பட்டியல் அப்டேட் வரும்போதுதான் மாறும். மற்ற நாட்களில் அப்படியே இருக்கும்.

சிறு நிறுவனத்துக்கு இது கைக்கு அடங்கும் வேலை. உலகில் உள்ள கெட்டவை அனைத்தையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் கணினிகளில் இருப்பதை அறிந்திருந்தால் போதும். நேற்று இரவு பிறந்த வைரஸ் என்றாலும், பத்தாண்டு பழையது என்றாலும், இந்த முறைக்கு இரண்டும் ஒன்றே: பட்டியலில் இல்லை, ஓடாது.

எண்ணம் புதிதன்று. விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தபோதே இதற்கான எளிய வசதி அதில் இருந்தது. 2009-ல் விண்டோஸ் 7 உடன், இதே வேலையை விரிவாகச் செய்யும் ஆப்லாக்கர் என்னும் வசதி வந்தது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2015-ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆஸ்திரேலிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைக்கும் எட்டு அடிப்படைக் காப்புகளிலும் இது இருக்கிறது. உங்கள் கையில் உள்ள ஐஃபோனும் இதே கொள்கைப்படிதான் ஓடுகிறது. சரியான கையொப்பம் இல்லாத செயலியை அது திறக்கவே செய்யாது. கணினியில் மட்டும் இது பரவாமல் போனதற்குக் காரணம், பட்டியலைப் பராமரிக்கும் தொல்லை. புதிதாக வரும் சிறு நிறுவனங்களின் உழைப்பெல்லாம் அந்தத் தொல்லையைக் குறைப்பதில்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

ஒரு கோப்பை எப்படி அடையாளம் காண்பது

மூன்று வழிகள் உண்டு. நல்ல கருவி மூன்றையும் இடமறிந்து கலந்து பயன்படுத்தும்.

மிகக் கண்டிப்பானது ஹாஷ். கோப்பு முழுவதையும் ஒரு கணக்கு வழியாகச் செலுத்தி, ஒரே நீளமுள்ள ஒரு விடையைப் பெறுகிறோம். ஷா-256 என்னும் கணக்கு எந்தக் கோப்புக்கும் 256 பிட் விடை தரும். பதினாறடிமான எண்களில் எழுதினால் 64 எழுத்துகள். கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் விடை அடியோடு மாறிவிடும். பெயரை மாற்றுவதாலோ வேறு ஃபோல்டருக்கு நகர்த்துவதாலோ மாறாது. ஏமாற்றுவது கிட்டத்தட்ட இயலாத காரியம். ஆனால் உலாவி போன்றவை சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பாகின்றன. ஒவ்வொரு தடவையும் ஹாஷ் மாறும். பட்டியல் உடனே மாறவில்லையென்றால் காலையில் உலாவி திறக்காது. எனவே அடிக்கடி மாறாத, கையொப்பமும் இல்லாத நிரல்களுக்குத்தான் ஹாஷ் பொருத்தம். பழைய கணக்கு மென்பொருள், உள்ளுக்குள் எழுதிக்கொண்ட சிறு கருவிகள் போன்றவற்றை இதில் சேர்க்கலாம்.

இரண்டாவது, வெளியீட்டாளர் கையொப்பம். மென்பொருள் நிறுவனம் தன் இரகசியச் சாவியால் கோப்பில் கையொப்பமிடுகிறது. சான்றிதழைக் கொண்டு நம் கணினி அதைச் சரிபார்க்கிறது. “இந்த நிறுவனம் கையொப்பமிட்ட, இந்தப் பெயருள்ள நிரல், இந்தப் பதிப்புக்குக் குறையாமல்” என்று விதி எழுதினால், அடுத்த அப்டேட் தானாகவே உள்ளே வந்துவிடும். பதிப்பு எண்ணைச் சேர்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டை உள்ள பழைய பதிப்பும் அதே கையொப்பத்தோடுதான் இருக்கும். அதை யாராவது கொண்டுவந்து ஓட்டினால் விதி அதற்கும் கதவைத் திறக்கும். குறைந்தபட்சப் பதிப்பைக் குறிப்பிட்டால் அந்த வழி அடைபடும்.

மூன்றாவது, இடம். “புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் உள்ளதெல்லாம் ஓடலாம்” என்பது போன்ற விதி. எழுத எளிது, பராமரிக்கவும் எளிது, ஏமாற்றவும் எளிது. சாதாரணப் பயனர் கோப்பை எழுத முடியாத இடத்துக்கு மட்டுமே இந்த விதி பாதுகாப்பானது. விண்டோஸ் ஃபோல்டர் அப்படிப்பட்ட இடம் என்று நினைத்து அதை முழுவதுமாக அனுமதிப்பவர்கள் ஏராளம். ஆனால் அதற்குள் இருக்கும் டாஸ்க்ஸ், டெம்ப் போன்ற சில துணை ஃபோல்டர்களில் சாதாரணப் பயனரும் எழுத முடியும். வைரஸை அங்கே நகலெடுத்து ஓட்டினால் விதி தலையாட்டிவிடும். ஆப்லாக்கரின் இயல்பு விதிகளை அப்படியே வைத்துக்கொள்பவர்கள், இந்தத் துணை ஃபோல்டர்களைத் தனியாக விலக்கியே ஆக வேண்டும்.

வாயிலில் நடப்பது

நீங்கள் ஒரு நிரலை இருமுறை சொடுக்குகிறீர்கள். இயங்குதளம் புதிய செயல் ஒன்றை உருவாக்கப் போகிறது. அந்த இடத்தில் பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், அதாவது இயங்குதளத்தோடு சேர்ந்து ஓடும் துணை நிரல், காத்திருக்கிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் அது இருப்பதால், சாதாரண நிரல் எதுவும் அதை எளிதில் தாண்டிப் போக முடியாது. கோப்பின் ஹாஷை அது கணக்கிடுகிறது, கையொப்பத்தைப் பார்க்கிறது, பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் நிரல் ஓடும். பொருந்தாவிட்டால் “அனுமதி இல்லை” என்ற பதில் திரும்பும், பதிவேட்டில் ஒரு வரி சேரும். ஒருமுறை கணக்கிட்ட ஹாஷை, கோப்பு மாறாதவரை நினைவில் வைத்துக்கொள்வதால், முதல் ஓட்டத்துக்குப் பிறகு தாமதம் தெரியாது.

மற்ற நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் டிஎல்எல் கோப்புகளும் இதே போல ஓடும் நிரல்துண்டுகள்தான். அனுமதி பெற்ற நிரலின் பக்கத்தில் ஒரு கெட்ட டிஎல்எல்லை வைத்துவிட்டு, அந்த நிரலையே அதை ஏற்றவைப்பது பழைய உத்தி. ஆப்லாக்கரில் டிஎல்எல் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். வேகம் குறையுமென்று பயந்து பெரும்பாலோர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கூடுமானவரை இயக்குங்கள்.

இந்த வாயில் வழியாக வராதவை

இந்தப் பகுதியை விற்பனைப் பேச்சில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல், பைத்தான், ஆவண மென்பொருளின் மேக்ரோ வசதி ஆகிய மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு: அவை மற்றொருவர் எழுதிய கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல்கள். வாயிலில் நிற்பவர் பார்ப்பது பைத்தானை. அது பட்டியலில் இருக்கிறது, உள்ளே போகலாம் என்பார். அது படிக்கப்போகும் ஸ்கிரிப்ட் வெறும் எழுத்துக் கோப்பு. இப்படி ஏற்கெனவே அனுமதி பெற்ற கருவிகளை வைத்தே தாக்குவது இன்று மிகப் பரவலான வழி. தீர்வு, தேவையில்லாத இடத்தில் அவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது. கணக்குப் பிரிவில் உள்ளவருக்குப் பைத்தான் எதற்கு? பவர்ஷெல்லை முழுவதும் நீக்க முடியாத இடங்களில், ஆப்லாக்கரின் ஸ்கிரிப்ட் விதிகளை இயக்கினால் அது தானாகவே கட்டுப்பட்ட நிலைக்குப் போய்விடும். அபாயமான பல செயல்கள் அந்த நிலையில் வேலை செய்யாது. இணையத்திலிருந்து வந்த ஆவணங்களின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022-லிருந்து இயல்பாகவே தடுக்கிறது. அதை யாரும் தளர்த்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கோப்பே இல்லாமல் நடக்கும் தாக்குதல். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் ஓட்டை வழியாக அதன் நினைவகத்துக்குள் நேரடியாகக் கட்டளைகளைத் திணிக்கும்போது புதிய நிரல் எதுவும் தொடங்குவதில்லை. 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை என்னும் ரான்சம்வேர் இப்படித்தான் நுழைந்தது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு சேவையில் இருந்த ஓட்டைதான் அதன் வழி. பின்னர் தன்னைக் கோப்பாக எழுதிக்கொண்டு ஓடியபோதுதான் வாயிலில் சிக்கக்கூடிய நிலைக்கு வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அனுமதிப் பட்டியல் இருக்கிறதே என்று அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதிலிருந்தே தெரியும்.

மூன்றாவது, நம்பியவரே ஏமாந்துபோவது. 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீய நிரல், இரண்டு வன்பொருள் நிறுவனங்களிடமிருந்து திருடிய சாவிகளால் கையொப்பமிடப்பட்டிருந்தது. 2017-ல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர், 2020-ல் வலையமைப்பைக் கண்காணிக்கும் சோலார்விண்ட்ஸ் ஆகிய மென்பொருள்களின் அப்டேட்டுகளிலேயே தீய நிரல் கலந்திருந்தது. இரண்டிலும் கையொப்பம் சரியாகவே இருந்தது. கையொப்பம் “யார் கொடுத்தது” என்பதை மட்டுமே சொல்லும். நல்லதா என்பதைச் சொல்லாது.

போலி வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டுவதையும் இது தடுக்காது. அங்கே ஓடுவது உங்கள் உலாவி மட்டும்தான்.

நிறுவும்போது

அவசரப்பட்டு முதல் நாளே தடையை இயக்குவதுதான் இந்த முறை தோற்பதற்கு முதல் காரணம். காலை பத்து மணிக்கு யாருடைய மென்பொருளும் திறக்காது. பதினொரு மணிக்கு மேலாளர் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பது கடினம்.

சுத்தமான கணினியிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே வைரஸ் இருக்கும் கணினியில் “இப்போது உள்ளதையெல்லாம் அனுமதி” என்று பட்டியல் எடுத்தால், அந்த வைரஸும் அனுமதி பெற்றுவிடும். புதிதாக இயங்குதளம் நிறுவி, தேவையான மென்பொருள்களை மட்டும் போட்டு, அதிலிருந்து பட்டியல் எடுப்பது நல்லது.

பிறகு கண்காணிப்பு நிலை. இந்த நிலையில் கருவி எதையும் தடுக்காது; எதைத் தடுத்திருக்கும் என்று குறித்துக்கொண்டே வரும். ஆப்லாக்கரில் இதற்கான பதிவு எண் 8003. உண்மையில் தடுத்தால் 8004. ஸ்கிரிப்டுகளுக்கு இவை முறையே 8006, 8007. குறைந்தது நான்கு வாரமாவது இப்படி ஓடவிடுங்கள், அதற்குள் ஒரு மாதக் கடைசி வரட்டும். மாதம் ஒருமுறை மட்டும் திறக்கும் சம்பளக் கணக்கு மென்பொருள் போன்றவை அப்போதுதான் தலைகாட்டும். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி என்னும் விண்டோஸ் சேவை ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது நின்றிருந்தால் விதிகள் எழுதியும் பயனில்லை. பதிவேடு காலியாக இருக்கும், எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தோன்றும்.

பதிவேட்டில் அதிகம் தென்படப்போவது, பயனரின் சொந்த ஃபோல்டரான ஆப்டேட்டாவில் தங்களை நிறுவிக்கொள்ளும் மென்பொருள்கள். காணொளிக் கூட்டத்துக்கான செயலிகள் சில இப்படி அட்மின் அனுமதி கேட்காமலே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். தொல்லை தாங்காமல் ஆப்டேட்டா முழுவதையும் இட விதியால் அனுமதித்துவிட்டால் எல்லாம் வீண். வைரஸும் பெரும்பாலும் முதலில் இறங்கும் இடம் அதுதான். அத்தகைய மென்பொருளுக்கு வெளியீட்டாளர் விதி எழுதுங்கள். அல்லது எல்லாப் பயனருக்கும் பொதுவாக, புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவும் பதிப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள்.

தடையை இயக்கும்போது ஐந்தாறு கணினிகளில் தொடங்குங்கள், பிறகு ஒவ்வொரு பிரிவாக. தடைபட்டவர் யாரிடம் கேட்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் பதில் வரும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பதில் கிடைக்கும் இடத்தில் ஊழியர்கள் காத்திருப்பார்கள். மூன்று நாள் ஆகும் இடத்தில் குறுக்குவழி தேடுவார்கள். அட்மின் உரிமை அன்றாடப் பயனர்களிடம் இருக்கக் கூடாது. விதியை மாற்றும் உரிமை பெற்ற ஒருவரை விதி கட்டுப்படுத்தாது.

சிறு நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

கெர்னலுக்குள் ஒரு டிரைவரை வைக்க விடுவது சிறிய விஷயமன்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. மிகப் பெரிய நிறுவனத்துக்கே அது நேர்ந்தது. எனவே கேளுங்கள்: அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறீர்களா, சிறு குழுவுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவர்களுக்கு அனுப்புகிறீர்களா? டிரைவர் பழுதானால் கணினியைத் தொடங்கும் வழி என்ன? இணையம் இல்லாதபோது பட்டியல் வேலை செய்யுமா? உங்கள் நிறுவனமே மூடப்பட்டால் என் பட்டியல் என் கையில் இருக்குமா, அதை வேறு கருவிக்கு எடுத்துப்போகும் வடிவில் இருக்குமா?

அவர்களுடைய சொந்தக் கணினிகள் அனைத்திலும் இதே கருவி ஓடுகிறதா என்றும் கேளுங்கள். இத்துறையில் பெயர் பெற்றிருந்த பிட்9 நிறுவனத்துக்குள் ஊடுருவல் நடந்தது 2013-ல் வெளியே தெரிந்தது. தாக்கியவர்கள் அதன் கையொப்பச் சாவியால் தீய நிரல்களுக்குக் கையொப்பமிட்டிருந்தார்கள். தங்கள் வலையமைப்பில் இருந்த சில கணினிகளில் தங்கள் கருவியையே நிறுவத் தவறியிருந்ததாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. மற்றவர்களைக் காக்கும் கருவிக்குக் கையொப்பமிடும் சாவி எங்கே, எப்படிப் பூட்டியிருக்கிறது என்ற கேள்விக்கு நேரான பதில் தராத நிறுவனத்தை விட்டு விலகுவதே மேல்.

நிறுவிய பின் சோதிக்க, ஆன்டிவைரஸ்களுக்கான ஐகார் சோதனைக் கோப்பு இங்கே உதவாது. அந்த 68 எழுத்துகள் கெட்டவற்றின் பட்டியலைச் சோதிப்பதற்கானவை. 64 பிட் விண்டோஸில் அது ஓடவும் ஓடாது. மாறாக, அனுமதி பெற்ற ஒரு சிறு நிரலை டெஸ்க்டாப்பில் நகலெடுத்து, நகலின் கடைசியில் ஒரு பைட்டைச் சேருங்கள். நிரல் பழையபடியே ஓடக்கூடியதுதான், ஆனால் ஹாஷ் மாறிவிட்டது, கையொப்பமும் முறிந்துவிட்டது. அதைச் சொடுக்கினால் தடைபட வேண்டும், பதிவேட்டில் ஒரு வரி சேர வேண்டும். அதே நகலைச் சாதாரணப் பயனராக விண்டோஸின் டாஸ்க்ஸ் ஃபோல்டரில் வைத்தும் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் இட விதியில் ஓட்டை இருக்கிறது; அதை அடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.